கதவடைத்த அறையில் நடக்கும் முடிவு: கிராண்ட் ஜூரி என்பது என்ன, நம் நாட்டில் அந்த வேலையைச் செய்வது யார்?

அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் வழக்கு கடந்த ஆண்டு முழுக்கச் செய்திகளில் அடிபட்டபோது, 'கிராண்ட் ஜூரி' என்ற சொல்லும் கூடவே வந்துகொண்டிருந்தது. அது நீதிமன்றமா, விசாரணைக் கமிஷனா, அங்கே தீர்ப்பு சொல்வார்களா என்று பலருக்குக் குழப்பம். நம் நாட்டிலும் அப்படி ஒன்று உண்டா என்று கேட்டவர்களும் உண்டு. இப்போது இல்லை. ஆனால் பினாங்கில் ஒரு காலத்தில் இருந்தது. அது செய்த வேலையை இன்று வேறொருவர் செய்கிறார். பாலியல் குற்றம் பற்றிப் போலீசில் புகார் கொடுத்த குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த 'வேறொருவர்' யார் என்பதைத்தான். நிறைய வழக்குகள் நீதிமன்ற வாசலை மிதிப்பதற்கு முன்பே அங்கேதான் நின்றுபோகின்றன.

முதலில் கிராண்ட் ஜூரியைப் பார்ப்போம். அமெரிக்க மத்திய அரசின் நடைமுறையில் இது 16 முதல் 23 பேர் வரை கொண்ட குழு. எல்லாரும் சாதாரணப் பொதுமக்கள். குற்றவாளியா இல்லையா என்பதை இவர்கள் தீர்மானிப்பதில்லை. குற்றம் சாட்டி வழக்கு நடத்தும் அளவுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். குறைந்தது 12 பேர் 'ஆம்' என்றால் குற்றச்சாட்டு பதிவாகும். சாட்சி சொல்லும்போது அறையில் நீதிபதி இருப்பதில்லை. சந்தேக நபரின் வழக்கறிஞருக்கும் இடமில்லை. எந்தச் சாட்சியை அழைப்பது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதெல்லாம் பெரும்பாலும் அரசு வழக்கறிஞர் கையில். உள்ளே நடந்தது வெளியே வரக்கூடாது என்பது விதி. சாட்சிகளை யாரும் மிரட்டக்கூடாது, சந்தேக நபர் தப்பி ஓடக்கூடாது, கடைசியில் குற்றம் சாட்டப்படாமல் போனவரின் பெயர் கெடக்கூடாது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

காரணம் நியாயம்தான். ஆனால் கதவை மூடிவிட்டால், உள்ளே வேலை ஒழுங்காக நடந்ததா என்பதும் தெரியாமல் போய்விடும். எப்ஸ்டீன் வழக்கில் அதுதான் நடந்தது.

2005 மார்ச் மாதம், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பாம் பீச் நகரப் போலீசிடம் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். விசாரிக்க விசாரிக்க, வயது வராத பல பெண் பிள்ளைகள் எப்ஸ்டீன் வீட்டுக்குப் பணம் கொடுத்து அழைத்துவரப்பட்டது வெளியானது. போலீஸ் தலைவர் மைக்கல் ரைட்டர் கடுமையான குற்றச்சாட்டுகளைக் கேட்டார். அந்த வட்டாரத்தின் அரசு வழக்கறிஞர் பேரி கிரிஷர் வேறு வழியில் போனார். ஃபுளோரிடா சட்டப்படி மரண தண்டனைக் குற்றங்களுக்குத்தான் கிராண்ட் ஜூரி கட்டாயம். மற்ற குற்றங்களில் அரசு வழக்கறிஞரே நேரடியாகக் குற்றம் சாட்டலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 2006 ஜூலையில் வழக்கைக் கிராண்ட் ஜூரியிடம் கொண்டுபோனார். கடைசியில் வெளிவந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டு: விபச்சாரத்துக்கு அழைத்தது. சிறுமிகளுக்கு நடந்த கொடுமை என்ற பேச்சே அதில் இல்லை.

அந்த அறையில் என்ன நடந்தது என்பது 18 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. ஃபுளோரிடா அதற்கென்றே சட்டத்தைத் திருத்தியது. 2024 ஜூலை 1ஆம் தேதி நீதிபதி லூயிஸ் டெல்காடோ அந்தப் பதிவுகளை வெளியிட்டார். படித்தவர்கள் திகைத்தார்கள். போலீஸ் கண்டுபிடித்த பிள்ளைகளில் மிகச் சிலரே சாட்சி சொல்ல அழைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்ட கேள்விகளோ, பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் கேட்பவை போல இல்லை. நீ செய்ததும் குற்றம்தான் என்று உனக்குத் தெரியுமா என்ற தொனியில் கேட்டிருக்கிறார்கள். இணையத்தில் அந்தப் பிள்ளை வைத்திருந்த பக்கத்தைப் பற்றியும் கிளறியிருக்கிறார்கள். குழந்தையாகப் பார்க்க வேண்டியவளை விலைமாதாகக் காட்டினால், ஜூரிகள் வேறு என்ன முடிவுக்கு வருவார்கள்?

கிராண்ட் ஜூரி பெரும்பாலும் அரசு வழக்கறிஞர் கேட்டதைத் தந்துவிடும் என்பது அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே குறைந்த குற்றச்சாட்டு வந்தால், ஜூரிகளைப் பார்ப்பதற்கு முன் அவர்களிடம் என்ன கொடுக்கப்பட்டது என்றுதான் பார்க்க வேண்டும். பிறகு மத்திய அரசு வழக்கறிஞர்களும் ஓர் இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டு ஒதுங்கினார்கள். 2008இல் எப்ஸ்டீன் மாநிலச் சட்டத்தின் கீழ் இரண்டு குற்றங்களை மட்டும் ஒப்புக்கொண்டார். 18 மாதச் சிறைத் தண்டனையில் ஏறக்குறைய 13 மாதங்கள்தான் இருந்தார், அதிலும் பகலில் அலுவலகம் போய்வர அனுமதியோடு. 2019 ஜூலையில் மறுபடி கைதானார். ஆகஸ்ட் 10ஆம் தேதி சிறையில் இறந்து கிடந்தார். அவருக்குத் துணைபோன கிலேன் மேக்ஸ்வெல் 2021 டிசம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

கடந்த ஆண்டு எழுந்த சத்தம் நியூயார்க் கிராண்ட் ஜூரிப் பதிவுகளைப் பற்றியது. 2025 ஆகஸ்டில் நீதிபதிகள் பால் எங்கல்மயர், ரிச்சர்ட் பெர்மன் இருவரும் அவற்றை வெளியிட மறுத்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் யாரும் அந்த ஜூரி முன் நேரில் வரவில்லை, அதிகாரிகள்தான் சுருக்கமாகச் சொன்னார்கள், புதிதாக ஒன்றும் இல்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றிய பிறகு, டிசம்பரில் அதே நீதிபதிகள் அனுமதி கொடுத்தார்கள்.

லெபோ லைட்டில் இருந்த கிராண்ட் ஜூரி

இதை ஏதோ தூரதேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1807ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசர் கொடுத்த நீதிச் சாசனத்தின்படி பினாங்கில் நீதிமன்றம் அமைந்தது. 1808இல் அது வேலையைத் தொடங்கியது. இங்கிலாந்து நடைமுறை அப்படியே இறக்குமதியானது. குற்றம் சாட்டலாமா என்று பார்க்க ஒரு கிராண்ட் ஜூரி, வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்ல ஒரு சிறு ஜூரி. கிராண்ட் ஜூரியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வணிகர்கள். வழக்கைப் பார்ப்பதோடு நிற்காமல், சிறைச்சாலை சரியில்லை, சாலை சரியில்லை என்று அரசாங்கத்துக்குப் புகார்ப் பட்டியலும் கொடுப்பார்கள். கப்பலில் வந்து இறங்கிய நம் கூலித் தொழிலாளியின் மனைவிக்கோ மகளுக்கோ நேர்ந்த கொடுமை அந்த அறைக்குள் எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நீரிணைக் குடியேற்றங்களில் 1870களில் கிராண்ட் ஜூரி ஒழிந்தது. இங்கிலாந்தே 1933இல் அதைக் கைவிட்டது. நம் நாட்டில் சாதாரண ஜூரி முறை 1995 வரை கொலை போன்ற மரண தண்டனை வழக்குகளில் தொடர்ந்தது. மோனா ஃபெண்டி வழக்கைத் தெமெர்லோவில் ஜூரிகள் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். கடைசி ஜூரி வழக்குகளில் அதுவும் ஒன்று. உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகளில் மாஜிஸ்திரேட் முன் நடந்த பூர்வாங்க விசாரணையும் இப்போது இல்லை.

இப்போது முடிவு செய்வது யார்?

கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) பிரிவு அதைச் சொல்கிறது. ஒரு குற்றத்துக்கு வழக்குத் தொடுப்பதா, நடத்துவதா, பாதியில் நிறுத்துவதா என்பது சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை. அவர்தான் பொது வழக்கறிஞரும் கூட. நடைமுறையில் மாநிலங்களில் இருக்கும் துணைப் பொது வழக்கறிஞர்கள், அதாவது எல்லாரும் 'டி.பி.பி.' என்று சொல்பவர்கள், அவர் சார்பில் முடிவெடுக்கிறார்கள். 23 பேர் அல்ல, மேசையில் கோப்பை விரித்துவைத்துப் படிக்கும் ஓர் அதிகாரி. அவர் பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைத்தான் பார்க்கிறார். போலீஸ் தயாரித்த விசாரணைக் கோப்பு, மருத்துவ அறிக்கை, வாக்குமூலங்கள், இவ்வளவுதான். ஆகவே நம் நாட்டில் கிராண்ட் ஜூரியின் முன் சாட்சி சொல்வது என்பது, போலீஸ் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலம்தான்.

இதைப் பலர் உணர்வதில்லை. புகார் கொடுத்துவிட்டோம், மற்றதை நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். விசாரணை அதிகாரி எழுதியதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். தோட்டத்திலிருந்து வரும் தாய்க்கு மலாய் பேச வரும், ஆனால் நடந்த கொடுமையை மலாயில் நுணுக்கமாகச் சொல்ல வராது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவு, வாக்குமூலத்தை அவர் பேசிய மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும், திருத்தம் செய்ய வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அதன் பிறகே கையெழுத்து என்கிறது. தமிழில் சொன்னால் தமிழில் படித்துக்காட்டும்படி கேட்கலாம். அவசரப்படுத்தினாலும் கேளுங்கள். தேதி, இடம், எத்தனை முறை, வேறு யார் பார்த்தார்கள் என்பதில் ஒரு வரி தப்பினால், பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்து இழுப்பார்.

பாலியல் வல்லுறவு நடந்திருந்தால் போலீஸ் நிலையத்துக்கு முன்பே மருத்துவமனைக்குப் போகலாம். அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் 'ஓ.எஸ்.சி.சி.' எனப்படும் ஒரே இட நெருக்கடி மையம் உண்டு. பினாங்கு பெரிய மருத்துவமனையிலும் இருக்கிறது. சிகிச்சை, பரிசோதனை, போலீஸ் புகார், சமூக நல அதிகாரி எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள். குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் போக வேண்டும். துணியைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதப் பையில் வைப்பது நல்லது. போலீசில் இவ்வகை வழக்குகளைக் கவனிப்பது டி11 பிரிவு. பினாங்கில் 1985 முதல் இயங்கும் மாதர் மாற்ற மையம், டபள்யூ.சி.சி., பெண்களோடு போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் துணைபோகிறது.

'மேல் நடவடிக்கை இல்லை'

டி.பி.பி. கோப்பைப் படித்தபின் மூன்றில் ஒன்று நடக்கும். குற்றம் சாட்டச் சொல்வார், இன்னும் விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார், அல்லது 'என்.எஃப்.ஏ.', அதாவது மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதிவிடுவார். மூன்றாவது நடந்தால் குடும்பத்துக்குத் தானாகக் கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். 'கேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று நம்பியபடியே மாதங்களை ஓட்டுகிற குடும்பங்கள் உண்டு.

அதற்கு ஒரு பிடி சட்டத்திலேயே இருக்கிறது. 107ஏ பிரிவு. புகார் கொடுத்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கலாம். புகார் கொடுத்து நான்கு வாரங்கள் ஆகியிருக்க வேண்டும். போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும், பாலியல் வல்லுறவு அப்படிப்பட்ட குற்றம்தான். பதில் விசாரணையைக் கெடுக்கும் என்றால் மட்டும் மறுக்கலாம். கேட்ட இரண்டு வாரங்களுக்குள் நிலைய அதிகாரி நிலவர அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் பொது வழக்கறிஞருக்கு அதைப் பற்றி எழுதலாம். பெரிய வழக்கறிஞர் தேவையில்லை, ஒரு பக்கக் கடிதம் போதும்.

சட்டத்துறைத் தலைவரின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியுமா? நெடுங்காலம் முடியாது என்றுதான் சொல்லிவந்தார்கள். 2021இல் சுந்தர ராஜு தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சுவரில் சிறு விரிசலை உண்டாக்கியது. அந்த விருப்புரிமை எல்லையற்றது அல்ல, அரிதான, விதிவிலக்கான சூழ்நிலைகளில் நீதிமன்றம் ஆராயலாம் என்றது. அது பாலியல் வழக்கு அல்ல. ஆனால் தத்துவம் எல்லா வழக்குக்கும் பொருந்தும். செலவும் காலமும் பிடிக்கும் வழி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, நம் சமூகத்துக்கே உரியது. குற்றம் செய்தவன் சொந்தக்காரன், அல்லது அடுத்த வீட்டுக்காரன் என்றால், கோயில் தலைவரையோ தோட்டத்துப் பெரியவரையோ வைத்துப் பேசித் தீர்ப்பதும், பணம் வாங்கிக்கொண்டு 'ரிப்போர்ட்டைத் திருப்பி எடுப்பதும்' நடக்கிறது. பாலியல் வல்லுறவு சமரசத்துக்கு உரிய குற்றமல்ல. புகார் கொடுத்தவர் மனம் மாறினாலும், வழக்கை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை, பொது வழக்கறிஞருக்குத்தான். ஆனால் முக்கியச் சாட்சியே வாய் மூடிவிட்டால் கோப்பு வலுவிழந்துவிடும் என்பது சமரசம் பேச வருபவர்களுக்கும் தெரியும். பிள்ளைக்கு 16 வயதுக்குக் கீழே என்றால், 'அவள் சம்மதித்தாள்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. சமரசம் பேச உட்காரும் பெரியவர்களுக்கும் அது பொருந்தும்.

பிள்ளைகளுக்காக வந்த சட்டம்

அந்த அபராதத்தைக் கொண்டுவந்தது 2017ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம். அது பிறந்த கதை நம்மைச் சுடும் கதை. ரிச்சர்ட் ஹக்கல் என்ற பிரிட்டிஷ்காரன் 2006 முதல் 2014 வரை மலேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்குள் சேவை செய்பவன் போல நுழைந்து, கைக்குழந்தைகள் உட்பட பிள்ளைகளைச் சீரழித்தான். கோலாலம்பூர் வட்டார இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவன் மாட்டியது இங்கே அல்ல, 2014 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில். 71 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டான். 2016 ஜூன் மாதம் 22 ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2019இல் சிறையில் கொல்லப்பட்டான். நம் மண்ணில் நம் பிள்ளைகளுக்கு நடந்ததை நம் போலீஸ் முதலில் கண்டுபிடிக்கவில்லை என்ற வெட்கம்தான் சட்டத்தை வேகப்படுத்தியது. 2017 ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றியது, ஜூலையில் நடப்புக்கு வந்தது. இதற்கான முதல் சிறப்பு நீதிமன்றம் ஜூன் மாதமே புத்ராஜெயாவில் திறக்கப்பட்டது.

அச்சட்டத்தில் டி.பி.பி.யின் மேசையையே மாற்றிய பிரிவு ஒன்று உண்டு. முன்பு குழந்தையின் சொல்லை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டத் தயங்குவார்கள், வேறு ஆதாரம் வேண்டும் என்பார்கள். இப்போது குழந்தை சாட்சி சொல்லத் தகுதியுள்ளது என்றே முதலில் கொள்ள வேண்டும். வேறு ஆதாரம் இல்லாவிட்டாலும் அதன் சாட்சியத்தை வைத்தே தண்டிக்கலாம். குழந்தையைப் பேச்சால் மயக்குவதே தனிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். பாலியல் நோக்கத்தோடு தொட்டால் 20 ஆண்டு வரை. உறவினர், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், ஆசிரியர், பயிற்றுநர் என நம்பிக்கைக்குரியவரே செய்தால், அதற்கு மேல் 5 ஆண்டு வரை சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படியும் கூடும். நீதிமன்றத்தில் குழந்தை குற்றவாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டின் சிறார் சாட்சியச் சட்டப்படி திரை கட்டலாம், வேறு அறையிலிருந்து நேரடிக் காணொளியில் பேசவைக்கலாம், துணைக்கு ஒருவர் உட்காரலாம்.

வளர்ந்த பெண்ணுக்கும் ஒரு கவசம் உண்டு. 1989இல் சேர்க்கப்பட்ட சாட்சியச் சட்டத்தின் 146ஏ பிரிவு, பாலியல் வல்லுறவு வழக்கில் அந்தப் பெண்ணுக்கு மற்ற ஆண்களோடு இருந்த உறவைக் கிளறிக் கேள்வி கேட்பதற்குக் கட்டுப்பாடு போடுகிறது. ஆனால் இது நீதிமன்றத்துக்குத்தான். போலீஸ் நிலைய மேசையிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும், கோயில் வாசலிலும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இரகசியம் யாருக்கு?

பாம் பீச்சில் இரகசியம் யாரைக் காத்தது என்று பார்த்தோம். இரகசியம் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நடந்த கொடுமை பற்றிய முதல் தகவல் அறிக்கை, அவரது விவரங்களோடு இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது. ஐந்தே மாதத்தில், 2025 ஜூன் 2ஆம் தேதி, குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு வேகமாக முடிந்தது, ஆனால் வெளியே போன பெயர் திரும்ப உள்ளே வராது.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், 15ஆவது பிரிவு, வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பத்திரிகைகள் பெரும்பாலும் இதைக் கடைப்பிடிக்கின்றன. 'நீதி கிடைக்கப் பகிருங்கள்' என்று பிள்ளையின் படத்தோடு செய்தி அனுப்பும் நம் உறவினர்கள்தான் கடைப்பிடிப்பதில்லை.

வழக்கு நீதிமன்றம் போன பிறகும் ஒரு சொல் குழப்பும்: 'டி.என்.ஏ.ஏ.'. விடுதலையாகாத விடுவிப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் அன்று வீட்டுக்குப் போகலாம், ஆனால் அதே குற்றத்துக்கு மறுபடி குற்றம் சாட்டலாம். ஆகவே அந்த நாளில் புகார் நகல், மருத்துவமனை அட்டை, கைப்பேசியில் இருக்கும் செய்திகள் எதையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். 107ஏ கடிதம் எழுதும்போது முதல் வரியில் அந்த எண்தான் வர வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 எண்ணுக்கு இரவானாலும் அழைக்கலாம்.